கேட்கும்படி விழுங்கியவர்

வானொலி நிலையத்துக்குள் அவர் முதன்முதலாக நுழைந்தது ஒரு கதவைச் சரிசெய்ய. அப்போது அவர் தச்சர், வயது இருபத்தாறு. நாடகம் ஒலிபரப்பும் அறையின் கதவு, திறக்கும்போதெல்லாம் கிழப் பூனைக்கு வயிற்றுவலி வந்ததுபோல முனகியது. கீலைக் கழற்றுவதற்கு முன்னால், கோளாறு என்னவென்று மேலாளருக்கு விளக்குவதற்காகக் கதவைப் போலவே ஒருமுறை முனகிக் காட்டினார். அந்த வழியாகப் போன நாடகத் தயாரிப்பாளர் நின்றுவிட்டார். முனகியது கதவா, ஆளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"கதவைக் கழட்டி உள்ள கொண்டாங்க. நீங்களும் உள்ள வாங்க" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கதவு நிலையத்தின் கருவிகளில் ஒன்றாகிவிட்டது. பேய்க்கதை, கொலைக்கதை எல்லாவற்றுக்கும் அதுதான் முனகியது. தச்சரும் திரும்பிப் போகவில்லை. வாசலுக்குப் புதுக் கதவு போட வேறொரு தச்சரைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று.

முப்பத்தெட்டு வருஷம் அவர் அங்கே நாடகங்களுக்குச் சத்தம் கொடுத்தார். சத்தக்காரர் என்றால்தான் நிலையத்தில் யாருக்கும் தெரியும். சல்லடையில் உலர்ந்த பட்டாணியை உருட்டி அவர் மழை பெய்யவைத்த அன்று, வாசல் காவலாளி மொட்டைமாடிக்கு ஓடிக் காயப்போட்ட சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். பிஸ்கட் டின்னும் மணலும் வைத்து அவர் கிளப்பிய ரயிலைக் கேட்டுவிட்டு, வண்டி ஆறு நிமிஷம் முன்னாலேயே புறப்பட்டுவிட்டதாக ஒரு நேயர் ரயில்வேக்குப் புகார் எழுதினார். ரயில்வேயும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டது. இதில் பாதியை நம்பினால் போதும். மீதிப் பாதி அதைவிட உண்மை.

அந்த அறையில் சிவப்பு விளக்கு எரிந்தால் எச்சில் விழுங்கவும் யோசிக்க வேண்டும். எல்லாம் நேரடி ஒலிபரப்பு. சேர்ந்த புதிதில் அவர் ஒருமுறை இருமிவிட்டார். ராணி செத்துக் கிடக்கும் காட்சி. பிணம் இருமியதுபோல ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் இருமவே இல்லை. வேலை நேரத்தில் மட்டுமல்ல, வீட்டில், தெருவில், சளிக் காய்ச்சலில்கூட இல்லை. ஒருநாள் நாடகத்தின் நடுவில் கொசு ஒன்று மூக்குக்குள் போய்விட்டது. கண்ணில் நீர் வழிய நாடகம் முடியக் காத்திருந்தார், செய்தி முடியக் காத்திருந்தார், வானிலையும் முடிந்த பிறகு வெளியே மரத்தடிக்குப் போய்த் தும்மினார். அந்த மரம் அந்த வருஷம் காய்க்கவில்லை என்று சொல்பவர்கள் இருந்தார்கள்.

அவருக்கு அதிகம் பெயர் வாங்கித் தந்தது விழுங்கும் சத்தம். கதாநாயகன் தண்ணீர் குடித்தாலும், ராஜா விஷம் குடித்தாலும், தொண்டை அவருடையது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏழு மடக்குக் குடிப்பார். குடித்து முடித்ததும் அதே தண்ணீரை ஒரு துளி குறையாமல் கோப்பையில் துப்பிக் காட்டுவார். புது நடிகர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"நிஜமா முழுங்கினா மைக்குல ஒண்ணும் கேக்காதுப்பா" என்பார். "கேக்கணும்னா பொய்யாத்தான் முழுங்கணும்."

அவர் மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். முப்பது வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து ஊரையே இணைத்தவள். கூப்பிடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று இணைப்பகத்தில் பேச்சு. நிலையத்துக்கு வரும் அழைப்புகளைப் போட்டுக் கொடுத்துத்தான் இருவருக்கும் பழக்கம். இவர் லைனில் தவளைபோலக் கத்துவார். அவள் அசராமல், "தவளை சார், உங்களுக்கு வெளியூர் அழைப்பு" என்பாள். கல்யாணத்துக்கு அப்புறமும் அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஹலோ" என்றுதான் கூப்பிடுவார். அக்கம்பக்கத்துக்கும் அவள் ஹலோ அம்மா ஆகிப்போனாள். மகள் ஒருத்தி, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவாள்.

அவருக்கு எழுபத்தொன்று ஆனபோது, ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் குளியலறையில் விழுந்தார். சமையலறையில் இருந்த ஹலோ முதலில் ரேசர் விழுந்த சத்தத்தைக் கேட்டாள். கைதவறி விழுந்தால் அவர் அதைத் திட்டுவார். திட்டு வரவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

பக்கவாதம். வலது கை, வலது கால், வலது பக்க முகம் போயின. பேச்சும் போயிற்று. காது மட்டும் பழுதில்லை. முதல் ஆறு நாள் கையில் சலைன். கட்டிலுக்கு மேலே, "வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது" என்று ஓர் அட்டை. எட்டுக் கட்டில் வார்டு. பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த லாரி டிரைவர் ஒருவர். மீசையும் குரலும் இரண்டு கட்டிலுக்குப் போதுமானவை.

"அண்ணே, உங்க தலைக்கு மேல அட்டை மாட்டியிருக்காங்க. என் லாரிக்குப் பின்னாடிகூட இவ்வளவு கண்டிப்பா எழுதினதில்ல" என்றார் டிரைவர்.

சத்தக்காரருக்குச் சொல் வராவிட்டாலும் சத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பதிலுக்கு லாரி பிரேக் பிடிப்பதுபோல ஒரு கிறீச்சிடல் வந்தது, மெதுவாக, ஒரு பக்க வாயால். டிரைவர் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஹலோ அன்றுதான் ஆறு நாளில் முதல் தடவையாகச் சோறு இறங்கச் சாப்பிட்டாள்.

மூக்கு வழியாகச் சாப்பாடு இறக்கும் குழாயைப் பற்றிச் சத்தக்காரருக்கு முன்பே தெரியும். நிலையத்தில் செய்தி வாசித்த அவருடைய சிநேகிதர் இதே மாதிரி விழுந்து, எட்டு மாதம் குழாயில் பால் வாங்கிக்கொண்டு கிடந்தார். குழாயைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கைக்கும் துணியுறை போட்டு முடிந்து வைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று சத்தக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு அது வேணாம், ஹலோ. வாய் வழியாப் போறது போகட்டும். போகலேன்னா நான் போயிக்கறேன்."

"சரி, முதல்ல சாப்பிடுங்க. ஆறுது" என்று அவள் சொன்னாள். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டாரா, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது என்று எடுத்துக்கொண்டாரா, தெரியாது. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழாம் நாள், திங்கட்கிழமை, விழுங்குவதைச் சோதிக்கும் தெரபிஸ்ட் வந்தாள். ஒல்லியான பெண், கொண்டையில் பேனா செருகியிருப்பாள். கையில் எப்போதும் ஸ்பூன் இருப்பதால் வார்டில் அவளுக்கு ஸ்பூன் டீச்சர் என்று பெயர். வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும் வருவாள். மற்ற நாள் வேறு மூன்று ஆஸ்பத்திரி. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நாலு விரலைத் தொண்டையில் மெல்ல வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். மடக். குரல்வளை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. இன்னொரு ஸ்பூன். மடக். இருமல் இல்லை.

டீச்சர் விரலை எடுக்காமல் யோசித்தாள்.

"அம்மா, இவர் எப்பவுமே இப்படித்தானா? இருமவே மாட்டாரா?"

"நாப்பது வருஷமா இருமினதில்லம்மா. ரேடியோ வேலை" என்றாள் ஹலோ, பெருமையாக.

"எனக்கு அது சந்தோஷமா இல்லம்மா. தண்ணி தப்பு வழியில நுரையீரலுக்குப் போனா இருமல் வரணும். அதுதான் காவல்காரன். இருமல் வரலேன்னா தண்ணி சரியாப் போச்சுன்னு சொல்ல முடியாது. போனது தொண்டைக்கே தெரியலையோ என்னவோ."

"அவருக்குத் தெரியும். காட்டிக்க மாட்டாரு. அந்தக் காவல்காரனுக்கு இவரு எப்பவோ ரிட்டயர்மென்ட் கொடுத்துட்டாரு."

டீச்சர் சிரித்தாள், ஆனால் தலையை ஆட்டவில்லை. விழுங்குவதை எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அது பெரிய ஆஸ்பத்திரியில்தான். வரிசை மூன்று வாரம். அதுவரை எலும்பும் தோலுமாகும் ஆளைச் சலைனில் வைக்க முடியாது. ஆகவே நாலு நாள் பார்க்கலாம் என்றாள். தண்ணீர் வேண்டாம். தண்ணீர்தான் வேகமாக ஓடித் தப்பு வழியில் நுழையும். கெட்டியாகக் குழைத்த பழக்கூழ், மசித்த உருளைக்கிழங்கு, வேளைக்கு அரைக் கோப்பை. நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடை நெஞ்சைப் பார்க்க வேண்டும், அரை ஸ்பூன்தான் கொடுக்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து பார்க்க வேண்டும், குறிப்பாகச் செத்துப்போன கன்னத்தின் பக்கம். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தாள்: எத்தனை ஸ்பூன், இருமினாரா, வாயில் மிச்சம் இருந்ததா.

"வெள்ளிக்கிழமை காலையில வந்து இதைப் பார்ப்பேன். நல்லா இருந்தா சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். இல்லேன்னா, மூக்கு வழியா குழாய் போடணும்மா. வேற வழி இல்ல."

இதை அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள். அந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பகலே ஆரம்பித்தார்கள். அரை ஸ்பூன், மடக். அரை ஸ்பூன், மடக். ஒவ்வொன்றும் மணி அடித்தாற்போல. ஹலோ முதல் நாள் வாயைத் திறந்து பார்த்தாள்; அவரும் திறந்து காட்டினார், இடது பக்கத்தை. வலது கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. புருஷனின் வாய்தான், ஆனாலும் எட்டுப் பேர் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு திறக்கவும் சொல்லவில்லை. தன் ஆயுசில் அவள் கண்ணை நம்பி ஏமாந்திருக்கிறாள், காதை நம்பி ஏமாந்ததில்லை. கேட்டது போதும் என்று கட்டத்தில் எழுதினாள்: பதினான்கு ஸ்பூன், இல்லை, இல்லை. பதினாறு ஸ்பூன், இல்லை, இல்லை.

"அக்கா, அண்ணன் முழுங்கறது இங்க வரைக்கும் கேக்குது" என்றார் டிரைவர். "நான் நல்ல இடுப்பு இருக்கறப்பகூட இப்படி முழுங்கினதில்ல."

"கண்ணு வைக்காதீங்க. சனிக்கிழமை நாங்க கிளம்பறோம்."

"கிளம்புங்க, கிளம்புங்க. அடுத்து எவன் வருவானோ. குறட்டை விடறவனா வரக் கூடாது."

மகளுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, படுக்கையை முன்னறைக்கு மாற்றவைத்தாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்க ஆளுக்கும் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை மாலை அவருக்கு லேசாகக் காய்ச்சல். சிஸ்டர் மாத்திரையைப் பொடித்துக் கூழில் கலந்து கொடுத்தாள். அவர் மூச்சில் ஓர் இரைச்சல் இருப்பதை ஹலோ கேட்டாள். மழைக்காலத்தில் லைன் ஈரமாகிவிட்டால் வரும் கரகரப்பு மாதிரி. தலையணை சரியில்லை என்று நினைத்து மாற்றி வைத்தாள். இரைச்சல் போகவில்லை. பக்கத்தில் ஓடும் மின்விசிறியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பழக்கூழ் வந்தது. டீச்சர் ஒன்பதுக்கு வருவாள். பதினோரு நாள் நாற்காலியில் தூங்கிய களைப்பு. ஐந்தாவது ஸ்பூனைக் கொடுத்துவிட்டு ஹலோ ஒரு கணம் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குப் பின்னால், இருட்டில், அந்தச் சத்தம் மட்டும் வந்தது.

மடக்.

கண்ணைத் திறந்திருந்தால் தெரிந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறாள், வீட்டில், ரேடியோவுக்குப் பக்கத்தில். ராஜா விஷம் குடிக்கிறார். கடைசியில் லேசாக ஒரு தூக்கல், கோப்பை காலியானது தெரிவதற்காக. அவருடன் நாற்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவர் நிஜமாக விழுங்கி அவள் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை.

அவள் எழுந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, அவருடைய வலது கன்னத்துக்குள் விரலை விட்டாள். கொடுத்த ஐந்தில் நாலு ஸ்பூன் கூழ் அங்கேயே இருந்தது. அதற்கு அடியில் நேற்றைய உருளைக்கிழங்கு. தலையணைக்கு அடியில் இருந்த துண்டை இழுத்தாள். இடது கையால் துடைத்துத் துடைத்து அங்கே ஒளித்து வைத்திருந்தது காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அவர் துடைக்காதது, கன்னத்திலும் இல்லாதது, எங்கே வழிந்திருக்கும் என்று யோசித்தபோது அவளுக்கு அந்த இரைச்சல் மறுபடி கேட்டது. மின்விசிறி நின்றிருந்தது.

"என்னங்க இது" என்றாள், மிக மெதுவாக.

அவர் அவளையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தார். சிவப்பு விளக்கு எரியும்போது அறையில் இருக்கும் எல்லோருக்கும் அவர் காட்டும் சைகை.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஹலோ கன்னத்தைச் சுத்தம் செய்தாள். துண்டை மடித்துப் பையில் போட்டாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு நாள் கட்டங்கள், வரிசையாக, அவள் கையெழுத்தில். அதை அப்படியே நீட்டினால் நாளைக்கு அவர் முன்னறையில் படுத்திருப்பார். எத்தனை நாளுக்கு? கிழித்துப் போட்டால் மூக்கில் குழாய், கையில் உறை. அவருக்கு வேண்டியது எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தனக்கு வேண்டியதுதான் வேறாக இருந்தது. அவர் உயிரோடு இருக்க வேண்டும். எப்படியாவது இருந்தால் போதும்.

டீச்சர் வந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, ஒரு நாள்கூட இருமலையே. மிச்சமும் இல்ல. இப்ப காலையில எத்தனை ஸ்பூன்மா?"

ஹலோ கட்டிலைப் பார்த்தாள். விரல் இன்னும் உதட்டிலேயே இருந்தது.

"எல்லாம் பொய், டீச்சர்" என்றாள். "நாலு நாளா அவர் எதையுமே ஒழுங்கா முழுங்கல. முழுங்கற மாதிரி சத்தம் போடுறாரு. அது அவரு தொழில். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் கட்டத்துல எழுதினது முழுக்கத் தப்பு."

அவர் விரலை இறக்கினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டிரைவர் கையிலிருந்த பேப்பரை மடித்தார். 

பத்தரைக்கு எக்ஸ்ரே. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. டாக்டர் கட்டிலருகே குனிந்து, "குழாய் போடலாமா, ஐயா?" என்று கேட்டார். காய்ச்சலில் கிடந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லையா, திறக்க மாட்டேன் என்றாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் காகிதத்தை ஹலோவிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பகலுக்குள் குழாய் போட்டார்கள். அரைமணியில் இடது கையால் பிடுங்கி எறிந்தார். மறுபடி போட்டு, கைக்குத் துணியுறை மாட்டிக் கட்டிலோடு முடிந்தார்கள். சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மகள் அதைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இது பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பட்டினி போட முடியுமா? நீ போடுவியா?" என்றாள் ஹலோ. மகள் அவருடைய கால் நகங்களை வெட்ட உட்கார்ந்தாள்.

மருந்தில் காய்ச்சல் இறங்கிற்று. அடுத்த வாரம் அவர் கொஞ்சம் தெளிந்தார். ஒருநாள் ஹலோ கோப்பைகளைக் கழுவிக்கொண்டு திரும்பி வரும்போது, வராந்தாவிலேயே ஒரு லாரி ஹாரன் கேட்டது. மூக்கில் குழாயோடு, சீக்குப் பிடித்த ஹாரன். டிரைவர் கேட்டு வாங்கியிருக்கிறார். அவள் வாசலில் கால் வைத்ததும் ஹாரன் நின்றது. அவர் சுவரைப் பார்த்தார்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். டிரைவருக்குக் குருவி, தண்ணீர்க் குழாய், இருட்டில் திறக்கும் கதவு எல்லாம் கிடைத்தன. அவளுக்கு ஒன்றும் இல்லை. தான் வெளியே இருந்தால் அவருக்குப் பொழுது போகிறது என்று புரிந்துகொண்டு, அவள் வராந்தா பெஞ்சில் உட்காரப் பழகிக்கொண்டாள். அங்கேயிருந்து நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது வாரம் மறுபடி காய்ச்சல். இந்தத் தடவை இரண்டு நுரையீரலும்.

"குழாயில குடுத்தும் ஏன் டாக்டர்?"

"எச்சில்தாம்மா. சாப்பாட்டைத்தான் குழாய் வழியா அனுப்பறோம். அவர் வாயில ஊர்ற எச்சில் உள்ள இறங்கறதை எந்தக் குழாயும் தடுக்காது."

"இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேம்மா" என்றார் டாக்டர். அவர் சொல்லியிருக்கலாம். அன்று அவள் காது எங்கே இருந்தது என்று அவளுக்கே நினைவில்லை.

மருந்தை மாற்றலாம், ஆனால் நம்பிக்கை அதிகமில்லை. இல்லையென்றால் குழாயை எடுத்துவிட்டு, அவர் ஆசைப்படுவதை வாயில் கொடுத்துக்கொண்டு, இருக்கும் நாளைக் கடத்தலாம். டாக்டர் வழக்கம்போல ஹலோவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னைக் கேக்காதீங்க. இந்தத் தடவை அவரைக் கேளுங்க. கண்ணை மூடினா காத்துக்கிட்டு இருங்க."

டாக்டர் காத்திருந்தார். இரண்டு முறை விளக்கினார். சத்தக்காரர் உறை போட்ட கையை மூக்குக்கு நேராகத் தூக்க முயன்றார், முடிச்சு இழுத்தது. அது போதுமானதாக இருந்தது. சிஸ்டர் உறையை அவிழ்த்தாள், குழாயை உருவினாள்.

அன்று டீச்சருக்கு முறையில்லாத நாள். ஆனாலும் வந்தாள். பொடி போட்டுக் கெட்டியாக்கிய தேநீரைத் தானே கலந்து கொண்டுவந்தாள்.

"இனிமே கட்டம் கிட்டம் எதுவும் இல்லம்மா. அவருக்குப் பிடிச்ச அளவு குடுங்க. போதும்னா விட்டுடுங்க."

ஹலோ முதல் ஸ்பூனைக் கொடுத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை, சத்தத்துக்குத் தெம்பில்லை. நாக்கு மட்டும் அசைந்தது. இரண்டாவது ஸ்பூனுக்கு உதட்டைத் தானே திறந்தார். மூன்றாவதைக் கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் சொன்னது தப்புன்னா திட்டுங்க" என்றாள் அவள். "எப்படியாவது திட்டுங்க. பூனை மாதிரியாவது."

அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பையில் முக்கால்வாசி மிச்சம். தொட்டியில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், குப்பையில்தான் போட வேண்டும் என்றாள் டீச்சர். தேநீரைக் குப்பையில் போட ஹலோவுக்கு மனம் வரவில்லை; தானே ஒரு வாய் குடித்தாள். போஸ்டர் ஒட்டும் பசைபோல நாக்கில் நின்றது. அதை உள்ளே தள்ள அவளுக்கு மூன்று முறை ஆயிற்று.

"இதுக்கா டீச்சர் டீன்னு பேரு?"

"இதுக்குத்தாம்மா" என்றாள் டீச்சர். கொண்டையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சத்தக்காரர் இறந்துபோனார். மகள் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்யக் கீழே போயிருந்தாள். சிஸ்டர் விரிப்பை உருவி, மெத்தையைத் துடைத்து, கட்டிலுக்கு மேலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு போனாள். ஹலோ சவரப் பெட்டி, மூக்குக்கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். டிரைவர் ஒருக்களித்துப் படுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்களோடதான் அவரு கடைசியா சிரிச்சுப் பேசினாரு. மறைக்காம சொல்லுங்க. என் மேல கோவமாத்தான் போனாரா?"

டிரைவர் மீசையைத் தடவினார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ஆமாங்க்கா. நீங்க வெளிய உக்காந்திருக்கீங்கன்னு அவருக்குத் தெரியும். கதவுப் பக்கம் பார்ப்பாரு, அப்புறம் மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. ஆனா நேத்து உங்க கையால ரெண்டு ஸ்பூன் வாங்கிக்கிட்டாரே."

"அது டீக்காக" என்றாள் ஹலோ. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் இடுப்பு சீக்கிரம் சரியாகட்டும் என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனாள்.